புத்தகத்துக்கும் விலாசம் உண்டு

எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில், கேரம் போர்டுக்குப் பக்கத்தில், மூன்று இரும்பு ரேக்குகள் நிற்கின்றன. அவ்வளவும் தமிழ்ப் புத்தகங்கள். வீடு மாற்றிக்கொண்டு போனவர்கள் விட்டுச் சென்றவை, ஊரில் அப்பா காலமான பிறகு அவருடைய அலமாரியிலிருந்து வந்தவை, "எடைக்குப் போட மனசு வரல, நீங்களே வெச்சுக்கோங்க" என்று பையோடு வந்து இறங்கியவை. பெங்களூருவில் தமிழர்கள் கொஞ்சம் அதிகமாக இருக்கும் வளாகம் என்றால் இப்படி ஒரு ரேக் நாளடைவில் தானாக முளைத்துவிடும்.

அதை முதலில் அடுக்கியவர் மூன்றாவது மாடி சார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒழுங்கு என்றால் உயிர். உயரமானது இடது ஓரம், குள்ளமானது வலது ஓரம் என்று படிக்கட்டு மாதிரி அடுக்கிவிட்டார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாவது மாடி அக்கா ஊறுகாய் போடும் பக்குவம் தேடி வந்தார். ரேக்கில் சமையல் புத்தகங்கள் ஆறு இருந்தன. ஆறும் ஆறு மூலையில் இருந்தன. கடைசியில் ஒன்று, சர்க்கரை நோய்ப் புத்தகத்துக்கும் ஒரு துப்பறியும் நாவலுக்கும் நடுவே அகப்பட்டது. மூன்றும் ஒரே உயரம். "உயரம் ஒண்ணா இருந்தா சொந்தக்காரங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அக்கா புத்தகத்தோடு போய்விட்டார்.

நூலகப் பகுப்பு என்ற விஷயமே இந்தக் கேள்வியில் ஆரம்பிக்கிறது. எந்தப் புத்தகம் எதற்குச் சொந்தம்? யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது?

சாரைக் குறை சொல்லவும் முடியாது. அளவை வைத்துத் தொகுப்பது நம்மிடம் ரொம்பப் பழைய வழக்கம். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அகம், புறம் என்று பொருளால் பிரித்தார்கள்; அகப்பாடல்களில் பெரும்பகுதியை அப்புறம் அடி எண்ணிப் பிரித்தார்கள். 4 முதல் 8 அடி வரை உள்ளவை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்றே இன்னொரு பெயர். இதில் ஒரு வசதி இருக்கிறது: பாட்டைக் கையில் கொடுத்தால் அடியை எண்ணி எந்தத் தொகை என்று சொல்லிவிடலாம், வாக்குவாதமே வராது. ஆனால் முல்லைத் திணைப் பாடல்கள் மட்டும் வேண்டும் என்று வருகிறவர் மூன்று தொகையையும் புரட்டித்தான் ஆக வேண்டும். அடுக்குகிறவருக்குச் சுலபமான முறை தேடுகிறவருக்குச் சுலபமாக இருப்பதில்லை.

சரி, நூலகங்கள் என்ன செய்கின்றன?

ஏதாவது ஒரு நூலகத்துக்குப் போய், ரேக்கில் உள்ள புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே ஒரு வெள்ளை லேபிள் ஒட்டியிருக்கும். மேல் வரியில் எண், அதன் கீழே இரண்டு மூன்று எழுத்து. இதற்குத்தான் அழைப்பு எண் என்று பெயர். மேல் வரி, புத்தகம் எதைப் பற்றியது என்பதைச் சொல்லும் பகுப்பு எண். கீழ் வரி, பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். உள்ளே முதல் பக்கத்தில் முத்திரை குத்தி எழுதியிருக்கும் இன்னொரு எண்ணை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சேர்க்கை எண். நூலகத்துக்கு எத்தனையாவதாக வந்து சேர்ந்த புத்தகம் என்பதை மட்டும் சொல்லும். பின்னட்டையில் பார்கோடோடு 978 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் பகுப்புக்கும் சம்பந்தம் இல்லை. அது பதிப்பகத்தார், கடைக்காரர் வசதிக்காக வந்தது.

அழைப்பு எண் என்பது பெங்களூரு விலாசம் மாதிரி. ஜெயநகர், 4-வது பிளாக், 11-வது மெயின், அப்புறம் ஒரு கிராஸ், அப்புறம் கதவு எண். பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்துக்கு ஒவ்வொரு படியாக இறங்குகிறோம் அல்லவா? உலகத்தில் அதிகமான நூலகங்களில் இருக்கும் டியூயி தசமப் பகுப்பு இப்படித்தான் இறங்கும்.

மெல்வில் டியூயி அமெரிக்கர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தபோது யோசித்து, 1876-ல் 44 பக்கத்தில் ஒரு சிறு பிரசுரமாக இதை வெளியிட்டார். மனிதன் எழுதக்கூடிய எல்லாவற்றையும் பத்துப் பேட்டைகளாகப் பிரித்தார். 000 பொது (இன்று கணினியும் இங்கேதான்), 100 தத்துவம், 200 மதம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலை, விளையாட்டு, 800 இலக்கியம், 900 வரலாறு, புவியியல். ஒவ்வொரு பேட்டைக்குள்ளும் பத்துப் பிளாக், ஒவ்வொரு பிளாக்கிலும் பத்து மெயின். மூன்று இலக்கம் முடிந்ததும் ஒரு புள்ளி. அதற்கப்புறம் எத்தனை கிராஸ் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டே போகலாம்.

அக்கா தேடிய புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். அது தமிழ்நாட்டுச் சமையல். 6 என்றால் தொழில்நுட்பம், அதாவது அறிவைக் கைவேலையில் போடும் துறைகள். 64 வீட்டு நிர்வாகம். 641 உணவு. 641.5 சமையல். 641.59 என்று நீட்டினால் ஊர் வாரியான சமையல். எந்த ஊர் என்பதற்கு டியூயியிடம் தனியாக ஒரு பட்டியல் உண்டு: 5 ஆசியா, 54 இந்தியா, 548 தென்னிந்தியா, 5482 தமிழ்நாடு. இரண்டையும் ஒட்டினால் 641.595482. பார்த்தால் போன் நம்பர் மாதிரி இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் ஒவ்வோர் இலக்கமும் பேசுகிறது. அதே 5482 வரலாற்றுப் பேட்டைக்குப் போனால் 954.82, தமிழ்நாட்டு வரலாறு. கர்நாடக வரலாறு 954.87. ஊரின் எண்ணைத் தெரிந்துகொண்டால், எந்தப் பேட்டையிலும் அந்த ஊரைக் கண்டுபிடித்துவிடலாம்.

டியூயி செய்ததில் பத்தாகப் பிரித்ததை விடப் பெரிய காரியம் இன்னொன்று என்பது என் எண்ணம். அவருக்கு முன்னால் பல நூலகங்களில் எண் புத்தகத்துடையது அல்ல, ரேக்கினுடையது. மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டு, பதினான்காவது புத்தகம் என்று எழுதி வைத்துவிடுவார்கள். பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே வரவேண்டிய புதுப் புத்தகம் ஒன்று வந்தால் போச்சு. டியூயி எண்ணை விஷயத்தோடு கட்டினார். அலமாரி மாறலாம், கட்டடமே மாறலாம், புத்தகத்தின் எண் மாறாது. பக்கத்தில் யார் என்பதும் மாறாது. நடுவில் ஆள் வந்தால் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் சேர்த்தால் போதும். 7-வது மெயினுக்கும் 8-வது மெயினுக்கும் இடையே புதுத் தெரு போட்டுவிட்டு, நம் ஊரில் '7-வது ஏ மெயின்' என்று பெயர் வைக்கிறார்களே, அதே யோசனைதான்.

இந்தத் தசமத்தில் எல்லாரும் ஒருமுறை வழுக்கி விழுவார்கள். எங்களுக்கு லேபிள் ஒட்ட உதவிய ஆறாம் வகுப்புப் பையன், 641.8-ஐ முதலில் வைத்துவிட்டு 641.5954-ஐ அதற்குப் பின்னால் வைத்தான். கேட்டால், "அங்கிள், 5954 பெருசுல்ல?" என்றான். நியாயம்தானே. புள்ளிக்குப் பின்னால் வருவதை மொத்தமாக ஓர் எண்ணாகப் படிக்கக் கூடாது, ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும் என்று சொன்னேன். முதல் இலக்கம் 5, அந்தப் பக்கம் 8. அங்கேயே தீர்ப்பு முடிந்தது, மீதியைப் பார்க்கவே வேண்டாம். அவன் சட்டென்று, "அகராதியில சொல் தேடுற மாதிரி" என்றான். என் விளக்கத்தை விட அது தேவலை.

இனி கொஞ்சம் குறை சொல்லலாம். டியூயி தன் உலகத்தை நடுவில் வைத்துப் பத்தாகப் பிரித்தார். மதத்துக்கான 200-ல் பெரும்பகுதியைக் கிறித்துவம் எடுத்துக்கொண்டது. மற்ற மதங்கள் எல்லாம் 290 என்ற ஒரே பிளாக்கில் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன. பௌத்தம் 294.3, சமணம் 294.4, இந்து மதம் 294.5, இஸ்லாம் 297. இலக்கியத்திலும் இதே கதை. ஆங்கில நாவலுக்கு 823, மூன்றே இலக்கம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், லத்தீன், கிரேக்கம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பிளாக். 'மற்ற மொழிகள்' என்று 890. அதற்குள் 894-ல் துருக்கி, ஹங்கேரி, ஃபின்லாந்து மொழிகளோடு திராவிட மொழிகளும் ஒண்டுக்குடித்தனம். தமிழ் இலக்கியம் 894.811. நாவல் என்றால் இன்னும் ஒரு 3 சேர்த்து 894.8113. ஏழு இலக்கம்! மெலிந்த கவிதைப் புத்தகத்தின் முதுகில் அந்த லேபிளை ஒட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஆனால் டியூயி முறையிலேயே, உள்ளூர் இலக்கியத்தை முன்னால் கொண்டுவந்து சின்ன எண் கொடுத்துக்கொள்ள அனுமதியும் இருக்கிறது. தனிமனிதராக டியூயியின் நடத்தை மீதும் அவருடைய இனவெறி மீதும் பெரிய புகார்கள் உண்டு. அமெரிக்க நூலகச் சங்கம் தான் கொடுத்துவந்த பதக்கத்திலிருந்து அவர் பெயரை 2019-ல் நீக்க முடிவெடுத்தது. முறை மட்டும் நிற்கிறது.

லேபிளின் இரண்டாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பகுப்பு எண்ணில் ஐம்பது நாவல்கள் வந்தால் அவற்றை ஆசிரியர் பெயர்ப்படி அடுக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்து விழித்த யாருக்கும் அது புரியும். வெள்ளைக்காரர் பெயரில் கடைசிப் பெயர் குடும்பப் பெயர், அதை வைத்து அடுக்குவார்கள். நமக்கு முன்னால் நிற்பது ஊர், அப்பா பெயர். பின்னால் நிற்பதுதான் சொந்தப் பெயர். ஆகவே இனிஷியலைத் தள்ளிவிட்டுச் சொந்தப் பெயரின் எழுத்துகளைப் போடுவதே முறை. எங்கள் ரேக்கில் சார் முதலில் இனிஷியலை எடுத்துக்கொண்டதால், எம் என்ற எழுத்தில் மட்டும் ஒரு தட்டு நிறைந்துவிட்டது. பிரித்து மறுபடி ஒட்டினோம்.

இதுவரை எல்லாம் சுலபம். சிக்கலே இனிமேல்தான்.

கொடை வந்த பைகளில் அட்டை கிழிந்த சிறு புத்தகம் ஒன்று இருந்தது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலைப் பற்றியது. சோழர் காலத்துக் கோயில். பெங்களூருவில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கும் இடங்களில் ஒன்று. இந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது? கர்நாடக வரலாறு என்று 954.87-லா? இந்துத் தலங்கள் என்று 294.535-லா? கோயில் கட்டடக்கலை என்று 726-லா? கல்வெட்டுத் தமிழ் என்று 494.811-லா? நாலு இடத்திலும் அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் புத்தகம் ஒன்றுதான். உட்காரவும் ஓர் இடம்தான் கிடைக்கும்.

ரேக் என்பது ஒரு கோடு. இடமிருந்து வலமாக ஒரே வரிசை. விஷயமோ நாலு பக்கமும் கிளைவிடுவது. கிளைவிடுவதைக் கோட்டில் நிறுத்துவதுதான் பகுப்பாக்கத்தின் தீராத தலைவலி. நடைமுறையில் நூலகர் புத்தகத்தைப் புரட்டி, எது பெரும்பங்கு, யார் இதைத் தேடி வருவார் என்று பார்த்து ஒரு முடிவெடுப்பார். மற்ற மூன்று வழியாக வருகிறவர்களுக்காகப் பட்டியலில் குறிப்பு வைப்பார். ஒரு காலத்தில் இழுப்பறை நிறைய அட்டைகள், இப்போது கணினி. இது சமாளிப்பு. இதற்கு மேல் யோசித்தவர் நம் சீர்காழிக்காரர்.

எஸ். ஆர். ரங்கநாதன் என்ற பெயரில் எஸ் என்பது சீர்காழியின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலான ஷியாலி, ஆர் என்பது தந்தை ராமாமிர்தம். 1892-ல் பிறந்தார். கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் ஆனார். வேலை பிடிக்கவில்லை. ஒரு வாரத்திலேயே, ஆளரவமில்லாத இடத்தில் உட்கார முடியவில்லை, வகுப்புக்கே திரும்பிப் போகிறேன் என்று மன்றாடினார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாரும், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே டியூயி முறையைப் படித்தபோது கணக்கு வாத்தியார் கண்ணுக்கு ஒரு குறை பட்டது. உலகத்தில் உள்ள விஷயங்களை எல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டு எண் கொடுத்துவிட்டால், நாளைக்குப் பிறக்கப்போகும் விஷயத்துக்கு என்ன செய்வது?

லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். ஓட்டை போட்ட தகடுகள், கம்பிகள், திருகாணிகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றி மாட்டினால் ஒருமுறை பாரம் தூக்கும் கிரேன், ஒருமுறை வண்டி. பதில் அவருக்கு அங்கே கிடைத்தது. செய்து முடித்த பொம்மைகளைப் பட்டியல் போடாதே. துண்டுகளைக் கொடு, திருகாணியைக் கொடு, வேண்டியவன் வேண்டியதை மாட்டிக்கொள்ளட்டும். ஊர் திரும்பும் கப்பலிலேயே அங்கிருந்த நூலகத்தை எடுத்து இந்த யோசனைப்படி அடுக்கிப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1933-ல் கோலன் பகுப்பு முறை புத்தகமாக வந்தது. கோலன் என்றால் முக்காற்புள்ளி. அவருடைய திருகாணி அதுதான்.

துண்டுகளை அவர் ஃபேசட் என்றார். வைரத்துக்குப் பட்டை தீட்டுவார்களே, அந்தப் பட்டைதான் ஃபேசட். ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஐந்து விதமான பட்டைகள் தெரியும் என்பது அவருடைய முடிவு. நம் தொம்மலூர்ப் புத்தகத்தில் 'சோழர் காலத்தில் தொம்மலூரில் கருங்கல்லால் கோயில் கட்டிய விதம்' என்று ஓர் அத்தியாயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோயில், அதுதான் பேச்சின் நாயகன். இதை ஆளுமை என்றார். கருங்கல், அது பொருள். கட்டுதல், அது செயல். தொம்மலூர் இடம். சோழர் காலம், காலம். ஆளுமைக்கு முன் கமா, பொருளுக்கு முன் அரைப்புள்ளி, செயலுக்கு முன் முக்காற்புள்ளி, இடத்துக்கு முன் புள்ளி, காலத்துக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி. தொடக்கப் பதிப்புகளில் எல்லாவற்றுக்கும் முக்காற்புள்ளி ஒன்றுதான். பின்னால்தான் இப்படித் தனித்தனியாகப் பிரித்தார். நிறுத்தக்குறியைப் பார்த்தாலே அடுத்து வருவது எந்தப் பட்டை என்று தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பு ஞாபகம் வருகிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். முதற்பொருள் எது? நிலமும் பொழுதும். இடம், காலம்! ஒரு பாட்டை நிலம், பொழுது, அங்கே வாழும் மக்கள், மரம், பறவை, தொழில், உணர்ச்சி என்று பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதே அல்ல. தொல்காப்பியர் இடத்தையும் காலத்தையும் முதலில் வைத்தார், ரங்கநாதன் கடைசியில் வைத்தார். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கோலன் முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இலக்கியத்துக்கு அவர் எண் போடும் விதம். ஆங்கில எழுத்து ஓ, இலக்கியத்தைக் குறிக்கும். தமிழ் மொழிக்கு 31. கவிதைக்கு 1. அப்புறம் கவிஞர் யார்? அவர் பிறந்த ஆண்டைப் போட்டுவிடுகிறார்! 1800-களுக்கு எம் என்ற எழுத்து; பாரதி பிறந்தது 1882; ஆக எம்82. எல்லாம் சேர்த்தால் ஓ31,1எம்82. ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564, 1500-களுக்கு ஜே, நாடகத்துக்கு 2, ஆங்கிலத்துக்கு 111. ஓ111,2ஜே64. ரேக்கில் கவிஞர்கள் அகர வரிசையில் நிற்காமல் பிறந்த வரிசையில் நிற்பார்கள். இடமிருந்து வலமாக நடந்தால் ஒரு மொழியின் கவிதை வரலாற்றின் மேலேயே நடந்த மாதிரி. தமிழுக்கு இங்கே 'மற்றவை'யில் ஒண்டுக்குடித்தனம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் எல்லா நூலகத்திலும் இல்லை? நியாயமான கேள்வி. எக்ஸ்ரே கொண்டு நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை தருவது பற்றி இந்தியாவில் 1950-ல் நடந்த ஆராய்ச்சி என்ற விஷயத்துக்கு, எட்டுத் துண்டுகளை எண்ணும் எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் கோத்து ஒரு சரம் போட வேண்டும். அதைப் பார்த்து வாசகர் மிரள்வார், ரேக்கில் திருப்பி அடுக்கும் உதவியாளரும் மிரள்வார். போதாததற்கு ரங்கநாதன் பதிப்புக்குப் பதிப்பு முறையை மாற்றிக்கொண்டே இருந்தார்; ஒவ்வொரு தடவையும் ஒட்டிய லேபிளை யார் கிழிப்பது? இந்தியாவில் சில பல்கலைக்கழக நூலகங்கள் பிடித்துக்கொண்டன. பெரும்பாலானவை டியூயியிடமே போயின.

ஆனால் யோசனை தோற்கவில்லை. ஆன்லைன் கடையில் செருப்பு வாங்கப் போகிறீர்கள். இடது ஓரத்தில் அளவு, நிறம், விலை, பிராண்டு என்று கட்டங்கள். நாலையும் டிக் செய்தால் வேண்டிய செருப்பு வந்து நிற்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பட்டை. கணினிக்காரர்கள் இதை இன்றைக்கும் ஃபேசட் தேடல் என்றே சொல்கிறார்கள். ரேக் என்ற ஒற்றைக் கோட்டில் திணறிய யோசனை, கோடே இல்லாத திரையில் சுகமாக உட்கார்ந்துகொண்டது.

ரங்கநாதன் கடைசிக் காலத்தைப் பெங்களூருவில்தான் கழித்தார். 1962-ல் இங்கே ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மைசூர் ரோடு வளாகத்தில் அது இன்றும் இருக்கிறது. 1972-ல் இதே ஊரில் காலமானார். ஆகஸ்ட் 12 நூலகர் நாள் என்று கொண்டாடுவது அவர் நினைவாகத்தான்.

இன்னும் இரண்டு முறைகளைப் பெயருக்காவது சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் பால் ஓட்லெட், ஹென்றி லா ஃபோந்தேன் என்ற இருவர் டியூயியை எடுத்து, இரண்டு விஷயங்களை இணைக்கும் குறிகளைச் சேர்த்து, உலகப் பொதுத் தசமப் பகுப்பு என்று 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். ஆராய்ச்சி நூலகங்களுக்குப் பிடித்தமானது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தனக்கென்று எழுத்தில் தொடங்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறது; கணிதத்துக்குக் க்யூஏ என்கிற மாதிரி. பெரிய நூலகங்களுக்கு அது ரொம்பவே லாயக்கு.

கணினியில் பெயரைத் தட்டினால் புத்தகம் இருக்கும் இடம் தெரிகிறதே, இத்தனை பகுப்பு இன்னும் எதற்கு என்று பையன் கேட்டான். பெயர் தெரிந்தால் சரி. அக்கா பெயர் தெரிந்தா வந்தார்? ஊறுகாய் என்று வந்தார். இப்போது ஆறு சமையல் புத்தகங்களும் ஒரே இடத்தில் நிற்பதால், ஊறுகாயோடு சேர்த்து வத்தல் போடும் புத்தகம் ஒன்றையும் எடுத்துப் போனார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் என்பது. வத்தல் புத்தகத்துக்கு ஆள் கிடைத்தது இப்படித்தான்.

இப்போது எங்கள் ரேக்குக்கு வருகிறேன். டியூயியைத்தான் பிடித்துக்கொண்டோம், ஆனால் முழுசாக அல்ல. ரேக்கில் பாதிக்கு மேல் கதையும் கவிதையும். எல்லாமே தமிழ். அப்படியிருக்க ஒவ்வொரு முதுகிலும் 894.811 என்று எழுதி என்ன பயன்? எல்லார் வீட்டுக் கதவிலும் 'பெங்களூரு' என்று எழுதி வைத்த மாதிரிதான். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டாத எண், எண்ணே அல்ல. ஆகவே அதை வெட்டிவிட்டு, கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். 1 கவிதை, 2 நாடகம், 3 கதை, 4 கட்டுரை. அதன் கீழே ஆசிரியர் பெயரின் முதல் இரண்டெழுத்து, தமிழிலேயே. மெலிந்த புத்தகத்திலும் கச்சிதமாக உட்கார்ந்தது. தொம்மலூர்ப் புத்தகம் வரலாற்றில் 954.87-க்குப் போயிற்று. கோயில் புத்தகங்கள் தட்டில் அதற்குரிய இடத்தில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி, 'தொம்மலூர்: வரலாறு பார்க்க' என்று எழுதி வைத்தோம். சாருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் சாயங்காலம் வந்து வரிசையைச் சரிபார்ப்பார்.

போன மாதம் எதிர் பிளாக்கிலிருந்து ஒரு கன்னடக்கார அம்மா இரண்டு பை நிறையக் கன்னட நாவல்கள் கொண்டுவந்து கொடுத்தார். சார் மகிழ்ச்சியோடு வாங்கி, ஒவ்வொன்றிலும் 3 என்று லேபிள் ஒட்டிவிட்டார். மறுநாள் பார்த்தால் இரண்டு மொழியும் கலந்து கிடக்கிறது. வெட்டி எறிந்ததைத் திரும்ப ஒட்ட வேண்டியதாயிற்று. முழுவதும் இல்லை, மொழியைக் காட்டும் மூன்று இலக்கம் மட்டும். தமிழ்க் கதை 8113, கன்னடக் கதை 8143. நல்லவேளை, லேபிளில் இடது பக்கம் இடம் இருந்தது. சார் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு 3-க்கு முன்னாலும் 811 எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் நிமிர்ந்து, "தமிழ் 811, கன்னடம் 814. நடுவுல 812 யாரு?" என்று கேட்டார்.

"மலையாளம் சார்."

"அஞ்சாவது மாடியில இருக்காங்களே" என்றவர், எழுந்துபோய் இரண்டாவது ரேக்கில் ஒரு தட்டைக் காலி செய்தார்.